வெளிச்சத்துக்கு வழிவிடும் செல்கள்

ஹைதராபாத்தில் சந்தோஷ் நகரிலிருந்து சந்திராயன்குட்டா போகும் வழியில் வருகிறது காஞ்சன்பாக். பாதுகாப்புத் துறையின் உலோக ஆய்வகமான டி.எம்.ஆர்.எல்., ஏவுகணை செய்யும் பாரத் டைனமிக்ஸ், சிறப்பு உலோகக் கலவைகளை உருக்கும் மிதானி, 1982-இல் அப்துல் கலாம் இயக்குநராக வந்து சேர்ந்த ஏவுகணை ஆய்வகமான டி.ஆர்.டி.எல். என்று உயர்ந்த மதில்களுக்குப் பின்னால் நாட்டின் கனமான வேலைகள் நடக்கும் பகுதி. மதிலுக்கு இந்தப் பக்கம், நம் ஊர்ச் சாலையோரங்களைப் போலவே, கிரில் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்யும் வெல்டிங் பட்டறைகள். அந்தி சாயும் நேரத்தில் அங்கே பளீரென்று ஒரு நீலவெள்ளை ஒளி வெட்டும். கூட வரும் குழந்தையிடம் நாம் சொல்வது ஒன்றுதான்: "அதைப் பார்க்காதே, கண்ணுக்கு ஆகாது."

ஏன் ஆகாது? வெல்டிங் ஒளி கண்ணுக்குள் போய் எங்கே நிற்கிறது, யாரைச் சுடுகிறது? நிலா வெளிச்சத்தை அதே கண் எப்படித் தாங்கிக்கொள்கிறது? இந்தக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கண்ணின் ஒவ்வொரு அடுக்கையும் கடந்து போய்விடலாம். அதில் இன்னொரு வசதி, அந்த அடுக்குகள் பலவற்றுக்கும் ஹைதராபாத்திலேயே ஒரு முகவரி இருக்கிறது. கருவிழிக்கு பஞ்சாரா ஹில்ஸ், லென்ஸுக்கு உப்பல் சாலை, விழித்திரைக்குப் போகும் வைட்டமினுக்குத் தார்நாகா.

கேமராவோடு கண்ணை ஒப்பிட்டே நாம் பள்ளியில் படித்தோம். ஒப்புமை பொய்யில்லை, ஆனால் முக்கியமான ஒன்றை மறைத்துவிடுகிறது. கேமராவின் லென்ஸ் உயிரில்லாத கண்ணாடி. கண்ணிலோ வெளிச்சம் கடந்து போவது உயிருள்ள செல்களுக்குள். தோல், தசை, ஈரல் என்று உடம்பின் எந்தத் திசுவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாலும் அது ஒளியைச் சிதறடிக்கும். கண்ணின் முன்பகுதி மட்டும் கண்ணாடியாக நிற்கிறது. அப்படி நிற்பதற்கு அந்தச் செல்கள் ஒவ்வொரு நொடியும் உழைக்கின்றன, சில தங்களுடைய உறுப்புகளையே இழக்கின்றன. வெளிச்சத்துக்கு வழிவிடுவதும் ஒரு வேலைதான்.

ஒளியின் வரவு செலவு

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செலிக் ஹெக்ட், சைமன் ஷ்லேர், மோரிஸ் பிரென் ஆகிய மூவர் 1942-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஓர் ஆளை நல்ல இருட்டறையில் கண் பழகும்வரை உட்காரவைத்து, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே நீடிக்கும் மிக மங்கிய பச்சை ஒளியைக் காட்டினார்கள். "தெரிகிறது" என்று அவர் சொல்லக் குறைந்தது எத்தனை ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், தேவை என்பதே கேள்வி. கண்ணின் வாசலில் 54 முதல் 148 வரை போதுமாக இருந்தன.

வாசலுக்கு வந்ததெல்லாம் உள்ளே போய்ச் சேர்வதில்லை. 4 விழுக்காடு கருவிழியின் பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும். மீதியில் பாதி, விழித்திரையை எட்டும் முன்பே வழியில் தொலையும். எட்டியதிலும் ஐந்தில் ஒரு பங்கைத்தான் பார்வை நிறமி பிடிக்கும், மற்றவை அதைத் தொடாமலே கடந்து போகும். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் நிற்பவை 5 முதல் 14 ஃபோட்டான்கள். அவை சுமார் ஐந்நூறு செல்கள் உள்ள பரப்பில் விழுவதால் ஒரே செல்லில் இரண்டு விழுவது அரிது. அதாவது ஒரு செல்லை எழுப்ப ஒரு ஃபோட்டானே போதும். அதற்குமேல் நுட்பமான உணர்கருவியை எவரும் செய்ய முடியாது. ஒன்றுக்குக் கீழே எண்ணிக்கை கிடையாதே.

தொலைந்தவை எங்கே தொலைந்தன, பிடிபட்டவை என்ன ஆயின என்பதுதான் இனி நாம் போகும் வழி.

கருவிழி: இறைத்துக்கொண்டே இருக்கும் கிணறு

கருவிழி என்று நாம் சொன்னாலும் அது கறுப்பில்லை. நிறமே இல்லாத, நடுவில் அரை மில்லிமீட்டர் கனமுள்ள வளைந்த தகடு. பின்னாலிருக்கும் ஐரிஸின் நிறம்தான் தெரிகிறது. ஒளியைக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது இதுதான், லென்ஸ் அல்ல.

இதன் பெரும்பகுதி கொலாஜன் இழைகள். நம் தசைநாணும் கொலாஜன்தான், கண்ணின் வெள்ளைப் பகுதியும் கொலாஜன்தான். ஒரே சரக்கு ஓரிடத்தில் சுண்ணாம்புபோல் வெளுத்தும், இரண்டு மில்லிமீட்டர் தள்ளிக் கண்ணாடியாகவும் எப்படி இருக்கிறது? டேவிட் மோரிஸ் 1957-இல் ஒரு விடை சொன்னார்: அடுக்கிய ஒழுங்கு. கருவிழியின் இழைகள் ஒவ்வொன்றும் சுமார் 30 நானோமீட்டர் தடிமன், பச்சை ஒளியின் அலைநீளத்தில் பதினைந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் கீழே. அவை ஏறத்தாழச் சம இடைவெளியில் நிற்கின்றன. ஒவ்வோர் இழையும் ஒளியைச் சிதறடிக்கத்தான் செய்கிறது, ஆனால் பக்கவாட்டில் சிதறிய அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, நேராகப் போகும் ஒளி மட்டும் மிஞ்சுகிறது. கண்ணின் வெள்ளைப் பகுதியில் இழைகள் பருத்தும் மெலிந்தும் தாறுமாறாகக் கிடக்கின்றன. அதனால் வெளுப்பு.

இந்த ஒழுங்கைக் குலைக்கத் தண்ணீரே போதும். கருவிழிச் சதைக்கு நீரை உறிஞ்சும் குணம் உண்டு. கண்ணின் உள்ளிருக்கும் திரவம் அதற்குள் கசிந்துகொண்டே இருக்கும். இழைகள் விலகினால் கருவிழி வெளிறிவிடும். அதைத் தடுப்பது உட்புறத்தில் ஒற்றை வரிசையாக, தேன்கூட்டு அறைகள்போல் பதிந்திருக்கும் எண்டோதீலியம் என்ற செல் அடுக்கு. வயதுவந்தவரின் கருவிழியில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2500 செல்கள். கசிந்த நீரை அவை ஓயாமல் வெளியே இறைக்கின்றன. மழைக்காலத்தில் அஸ்திவாரக் குழியில் மோட்டார் வைத்து இறைப்பார்களே, அதுபோல. மோட்டாரை நிறுத்தினால் குழி நிரம்பும். இந்தச் செல்கள் மனிதனில் மறுபடி பெருகுவதில்லை. ஒன்று செத்தால் பக்கத்துச் செல் அகன்று அந்த இடத்தையும் பார்த்துக்கொள்ளும். எண்ணிக்கை ஐந்நூறு அளவுக்கு இறங்கிவிட்டால் இறைப்பு கசிவை ஈடுகட்டாது, கருவிழி வீங்கி மங்கும்.

கண்தானத்தில் இறந்த 6 மணி நேரத்துக்குள் சொல்லியனுப்புங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், இமையை மூடி ஈரப்பஞ்சு வையுங்கள் என்று கேட்பதெல்லாம் கருவிழி காய்ந்து கெடாமலும் இந்தச் செல்கள் உயிரோடும் கைக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான். கண் வங்கியில் ஒரு கருவிழியை எடைபோடுவது இந்தத் தேன்கூட்டு அறைகளை நுண்ணோக்கியில் எண்ணித்தான். ஹைதராபாத் பஞ்சாரா ஹில்ஸில் குள்ளப்பள்ளி நாகேஸ்வர ராவ் தொடங்கி 1987 முதல் இயங்கும் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தில் 1989-இலேயே ராமாயம்மா கண் வங்கி ஏற்பட்டது. 'மனோகரா', 'மிஸ்ஸியம்மா' படங்களை இயக்கிய எல்.வி. பிரசாத்தின் குடும்பம் தந்த கொடையே அந்த நிறுவனத்தின் பெயருக்குக் காரணம்.

கருவிழியின் வெளிப்புறத்திலும் ஒரு காவல் உண்டு. மேற்பரப்புச் செல்கள் ஓயாமல் உதிர்ந்து புதுப்பிக்கப்படுகின்றன. அவற்றுக்கான தாய்ச் செல்கள், கருவிழியும் வெள்ளையும் சேரும் விளிம்பில் குடியிருக்கின்றன. வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தைகள் அமுக்கி விளையாடும்போது அது கண்ணில் தெறித்து அந்த விளிம்பைப் பொசுக்கிவிடும் விபத்து இந்தியக் கண் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. தாய்ச் செல்கள் போய்விட்டால் வெள்ளைப் பகுதி, ரத்தக் குழாய்களோடு கருவிழிமேல் படர்ந்துவிடும். இதற்கு எல்.வி. பிரசாத் நிறுவனத்தில் விரேந்தர் சங்வானும் உடன் பணியாற்றியவர்களும் 2012-இல் ஓர் எளிய முறையை வெளியிட்டார்கள். நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் அளவுத் துண்டை எடுத்து, அதை எட்டு பத்துத் துணுக்குகளாக நறுக்கி, பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வை விரித்து அதன்மேல் ஒட்டவைப்பது. செல் வளர்க்கும் ஆய்வகம் தேவையில்லை. நாற்றைப் பிடுங்கி நட்டதுபோல், துணுக்குகளிலிருந்து செல்கள் பரவிக் கருவிழியை மூடுகின்றன.

பட்டறை ஒளியின் முதல் பலி இந்த மேற்பரப்புச் செல்கள்தான். வெல்டிங் வில்லிலிருந்து வரும் புற ஊதாவில், அலைநீளம் குறைந்த பகுதி கருவிழியோடு நின்றுவிடுகிறது. பார்த்த அன்று ஒன்றும் தெரியாது. ராத்திரி தூங்கி நடுச்சாமத்தில், கண்ணில் யாரோ மண்ணை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும், நீராகக் கொட்டும், விளக்கைப் பார்க்கவே முடியாது. அடிபட்ட செல்கள் உதிர்ந்து நரம்பு நுனிகள் வெளியே தெரிய அத்தனை மணி நேரம் பிடிக்கிறது. விளிம்பிலிருந்து புதுச் செல்கள் வந்து மூட ஓரிரு நாளாகும். உள்ளேயிருக்கும் விழித்திரை அந்தப் புற ஊதாவைக் கண்டதேயில்லை. வாசலில் நின்றவன் அடிவாங்கிக்கொண்டான்.

லென்ஸ்: பிறக்குமுன் கட்டிய சுவர்

அடுத்து லென்ஸ். வெங்காயம்போல் சுற்றுச் சுற்றாக அடுக்கிய நீண்ட நார்ச் செல்களாலானது. ஒரு செல்லுக்குள் இருக்கும் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா போன்றவை ஒளியைச் சிதறடிக்கும். ஆகவே லென்ஸின் நார்ச் செல்கள் முதிரும்போது அவற்றையெல்லாம் தாங்களே கரைத்துவிடுகின்றன. உட்கரு போனால் புதிய புரதம் செய்ய வழியில்லை. இருப்பதை வைத்து ஆயுள் முழுதும் ஓட்ட வேண்டியதுதான். ரத்தக் குழாயும் கிடையாது. மேலே புதிய அடுக்குகள் சேர்ந்துகொண்டே போக, பழையவை நடுவில் இறுகுகின்றன. எழுபது வயதுக்காரரின் லென்ஸ் நடுவில் இருப்பவை, அவர் தாய் வயிற்றில் இருந்தபோது உண்டான செல்கள். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கதிரியக்கக் கார்பனின் அளவை லென்ஸின் மையத்தில் அளந்து ஒருவர் பிறந்த ஆண்டையே கணிக்கலாம் என்று டென்மார்க் ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினார்கள்.

லென்ஸின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புரதம். உடம்பில் வேறெந்தத் திசுவிலும் இவ்வளவு அடர்த்தி இல்லை. கிரிஸ்டலின் என்று பொதுப்பெயர், ஆல்ஃபா, பீட்டா, காமா என்று மூன்று வகை. இவ்வளவு புரதத்தை நீரில் கரைத்தால் பால்போல் கலங்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். கலங்காததற்குக் காரணம் நெருக்கம். தனித்தனியாக மிதக்க இடமில்லாமல் சீராக நெருங்கி நிற்பதால், ஓரிடம் அடர்ந்தும் ஓரிடம் நீர்த்தும் இருக்கும் வேறுபாடு எழுவதில்லை. ஒளி சிதற அந்த வேறுபாடு வேண்டும்.

புரதங்கள் வயதாக ஆக மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். திரள் பெருத்து ஒளியின் அலைநீளத்தை நெருங்கிவிட்டால் சிதறல் தொடங்கும். அதுதான் கண்புரை. இதைத் தள்ளிப்போடுவது ஆல்ஃபா கிரிஸ்டலின். குலைந்த புரதத்தைத் திரளவிடாமல் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும் அதன் குணத்தை ஜோசப் ஹார்விட்ஸ் 1992-இல் காட்டினார். இந்தக் கிரிஸ்டலின் புரதங்களை ஆழமாக ஆராய்ந்த உலக மையங்களில் ஒன்று உப்பல் சாலையிலிருக்கும் சி.சி.எம்.பி. என்ற செல் மூலக்கூறு உயிரியல் மையம். பின்னாளில் அதன் இயக்குநரான சிந்தலகிரி மோகன் ராவும் அவருடைய குழுவும், வெப்பநிலை உயரும்போது ஆல்ஃபா கிரிஸ்டலினின் அமைப்பு மாறி இந்தக் காக்கும் திறன் கூடுவதை 1990-களில் ஆராய்ந்தார்கள். 1990-களில் அந்த மையத்தின் இயக்குநராக இருந்து, பிறகு எல்.வி. பிரசாத் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுக்கு வந்த டி. பாலசுப்பிரமணியன், ஒளி பட்டு லென்ஸ் புரதங்கள் என்னென்ன வேதிமாற்றம் அடைகின்றன என்பதை ஆராய்ந்தவர்.

ஆல்ஃபா கிரிஸ்டலினின் குலம் கொஞ்சம் சுவையானது. வெப்பத்தில் அடிபடும் எந்தச் செல்லும் அவசரத்துக்குச் சுரக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களோடு அதற்கு நெருங்கிய உறவு. உடம்பு ஆபத்துக்கென்று வைத்திருந்த ஒன்றை லென்ஸ் அன்றாடத்துக்கே எடுத்து அடுக்கியிருக்கிறது. காஞ்சன்பாக்கின் உலைகளை நினைத்தால் இதன் தேவை புரியும். ஆயிரத்தைந்நூறு பாகை செல்சியஸில் தகதகக்கும் உலோகம் வீசும் ஆற்றலில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. பல ஆண்டுகள் காப்பில்லாமல் உலை முன்னால் நின்ற கண்ணாடி ஊதுவோருக்கும் இரும்பு வேலையாட்களுக்கும் ஒருவகைப் புரை விழும் என்பது பழைய தொழில் மருத்துவ நூல்களிலேயே இருக்கிறது. ஐரிஸும் லென்ஸும் மெல்லச் சூடேறுவதன் விளைவு. மீட்க ரத்த ஓட்டம் இல்லை, மாற்ற உட்கரு இல்லை. கைவசமிருந்த ஆல்ஃபா கிரிஸ்டலின் தீர்ந்ததும் சுவர் பொரிகிறது.

லென்ஸ் இன்னொரு வேலையும் செய்கிறது. புற ஊதாவின் நீண்ட அலைப் பகுதியைத் தானே உறிஞ்சி விழித்திரைக்கு விடாமல் காக்கிறது. அதற்கான மூலக்கூறுகள் காலப்போக்கில் மஞ்சளாகப் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் லென்ஸும் பழுத்து மஞ்சளாகிறது. புரை அறுவை முடிந்து கட்டுப் பிரித்த பாட்டி, இத்தனை நாள் சாம்பல் என்று நினைத்திருந்த சேலை நீலமாயிருப்பதைக் கண்டு வியப்பது இதனால்தான்.

விழித்திரை: பின்வாசல் வழியாக

இப்போது விழித்திரை. கால் மில்லிமீட்டர் கனம். இங்கேதான் எல்லாரையும் குழப்பும் விஷயம். ஒளியை உணரும் குச்சி செல்களும் கூம்பு செல்களும் முன்வரிசையில் இல்லை. நரம்பிழைகள், நரம்புச் செல்கள், இணைப்புச் செல்கள், ரத்த நுண்குழாய்கள் எல்லாவற்றுக்கும் பின்னால், கடைசி வரிசையில், அதுவும் ஒளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. சினிமாக் கொட்டகையில் திரைக்கு முன்னால் வயரையும் பெட்டியையும் போட்டுவைத்ததுபோல் இருக்கிறது. காரணம், பின்சுவரிலிருக்கும் நிறமிச் செல் அடுக்கு. குச்சி செல்லின் நுனி தினமும் தேய, அதைத் தின்று அப்புறப்படுத்துவதும், செலவான நிறமியைப் புதுப்பித்துத் தருவதும் அந்த அடுக்கு. அதற்கும் பின்னால் பெரும் ரத்த ஓட்டம். சமையற்கட்டை ஒட்டியே சாப்பாட்டுப் பந்தி.

முன்னாலிருக்கும் கூட்டத்தை ஒளி எப்படிக் கடக்கிறது? உயிரோடிருக்கும் விழித்திரை ஏறக்குறையத் தெளிந்தே இருக்கும். கூர்மையாகப் பார்க்கும் நடுப்புள்ளியில் மேலடுக்குகள் ஒதுங்கி ஒரு குழியே விழுந்திருக்கிறது. மற்ற இடங்களுக்கு 2007-இல் ஒரு புதிய விளக்கம் வந்தது. ஹைன்ரிஷ் முல்லர் 19-ஆம் நூற்றாண்டில் கண்டு சொன்ன தூண் போன்ற செல்கள் விழித்திரையை முன்னிருந்து பின்வரை துளைத்து நிற்கின்றன. அவை நரம்புச் செல்களுக்குத் துணைநிற்பவை என்று மட்டுமே நினைத்திருந்தார்கள். ஜெர்மனியின் லைப்ஸிக்கில் கிறிஸ்டியன் ஃபிரான்ஸ், ஆண்ட்ரியாஸ் ரைஷன்பாக், யோஹன் கூக் ஆகியோரின் குழு கினியாப் பன்றியின் முல்லர் செல்களைத் தனியே பிரித்து, இரு முனையிலும் ஒளியிழைகளை வைத்துச் சோதித்தது. நடுவில் செல் இருந்தபோது ஒளி அதன் வழியே நழுவாமல் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தது. சுற்றுப்புறத்தைவிடச் செல்லின் ஒளிவிலகல் எண் சற்றுக் கூடுதல், அதனால் உள்ளே நுழைந்த ஒளி சுவரில் பட்டு உள்ளுக்கே திரும்புகிறது. இன்டர்நெட் கேபிளில் நடக்கும் அதே காரியம். 2014-இல் இஸ்ரேலின் டெக்னியான் ஆய்வாளர்கள், இந்தச் செல்கள் பச்சையையும் சிவப்பையும் கூம்பு செல்களுக்குச் சேர்த்து, நீலத்தைப் பக்கத்துக் குச்சி செல்களுக்குக் கசியவிடுகின்றன என்றும் காட்டினார்கள். மனிதப் பார்வையின் கூர்மைக்கு இது எவ்வளவு உதவுகிறது என்பதில் வாதம் இன்னும் முடியவில்லை.

எலிபோல் இரவில் நடமாடும் பாலூட்டிகள் இன்னும் ஒருபடி போயிருக்கின்றன. உட்கருவில் டி.என்.ஏ.யின் அடர்ந்த பகுதி வழக்கமாக ஓரத்தில்தான் இருக்கும். அவற்றின் குச்சி செல்களில் மட்டும் அது நடுவில் திரண்டு, உட்கருவே ஒரு குட்டி லென்ஸாகிவிட்டிருப்பதை இரினா சொலொவெய் உள்ளிட்ட குழு 2009-இல் வெளியிட்டது. கருவிழி நீரை இறைத்து வழிவிட்டது, லென்ஸ் உட்கருவைக் கரைத்து வழிவிட்டது. இங்கே மரபுப் பொருளையே மடித்துவைத்து வழிவிடுகிறது செல்.

தன் விழித்திரையைத் தானே பார்க்கலாம் என்றால் நம்புவது கடினம். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் தன் கடைசிக் காலத்தில் பார்வையை ஆராய்ந்து 1968-இல் அதுபற்றி ஒரு நூலே வெளியிட்டார். நிறவடிப்பான் வழியாக வெளிச்சமான திரையைச் சிறிது நேரம் பார்த்திருந்து சட்டென்று வடிப்பானை விலக்கினால், சொந்த விழித்திரையின் உருவம் திரையில் பெரிதாகத் தோன்றி மறையும் என்று அவர் தன் கண்ணிலேயே செய்து பார்த்து எழுதினார். அதிலிருந்து நிறப்பார்வை பற்றி அவர் கட்டிய கொள்கையை அறிவியல் உலகம் ஏற்கவில்லை. கண்ணையே ஆய்வகமாக்கிய அந்த ஆர்வம் மட்டும் நமக்கும் உதவும்.

வடிப்பான் இல்லாமலே ஒன்று செய்யலாம். மேகமில்லாத நீல வானத்தை, சூரியன் இருக்கும் பக்கம் தவிர்த்து, பார்வையை எங்கும் ஊன்றாமல் சற்றுநேரம் பாருங்கள். மினுக்கும் சிறு புள்ளிகள் குறுகுறுவென்று வளைந்து வளைந்து ஓடும். நாடித் துடிப்போடு சேர்ந்து வேகம் கூடிக் குறையும். நுண்குழாய்களில் ஓடும் வெள்ளை அணுக்கள் அவை. சிவப்பணு நீல ஒளியை உறிஞ்சும், வெள்ளையணு விட்டுவிடும். ஆகவே வெள்ளையணு கடக்கும் இடம் பொட்டாக ஒளிர்கிறது. நேர் நடுவில் மட்டும் ஒரு புள்ளியும் ஓடாது, அங்கே குழாயே இல்லை. செல்களைக் கடந்துதான் வெளிச்சம் நமக்கு வருகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம்.

ஒளி முடியும் இடம்

குச்சி செல்லின் நுனியில் காசுகளை அடுக்கியதுபோல் ஆயிரம் தட்டுகள். அவற்றில் பார்வை நிறமியான ரோடாப்சின் மூலக்கூறுகள் ஏறத்தாழப் பத்துக் கோடி. ஒவ்வொன்றின் நடுவிலும் வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த, ரெட்டினால் என்ற வளைந்த சிறு சங்கிலி. ஃபோட்டான் அதில் பட்டதும் வளைவு நிமிர்கிறது. 1991-இல் அளந்தபோது அதற்கான நேரம் 200 ஃபெம்டோ நொடி. ஒரு நொடியை ஐந்து லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. சூரியனிலிருந்து எட்டு நிமிடம் பயணம் செய்து வந்த ஒளி, உயிரியலில் நாமறிந்த மிக வேகமான வினைகளில் ஒன்றில் முடிந்துபோகிறது.

முடிந்துபோகிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கண்ணில் விழுந்த ஒளியாற்றல் நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். போவதில்லை. ஃபோட்டானின் ஆற்றலில் அறுபது விழுக்காடு போல, முறுக்கிய வடிவமாகச் சற்றுநேரம் ரோடாப்சினில் தேங்கும், மீதி வெப்பமாகும். பிறகு தேங்கியதும் கரையும். அதற்குள் ரோடாப்சின் விழித்துக்கொண்டு பக்கத்துப் புரதங்களைத் தட்டி எழுப்பிவிடும். சங்கிலித் தொடராக வேலை பெருகி, ஒரு ஃபோட்டானுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சோடியம் அயனிகள் செல்லுக்குள் வர முடியாமல் தடைபடும். அந்தப் பெருக்கத்துக்கான ஆற்றல் முழுதும் செல்லின் சொந்தச் சேமிப்பு, அதாவது நாம் தின்ற சோறு. ஃபோட்டான் விசையை மட்டும் தட்டியது.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. குச்சி செல்லின் அயனிக் கதவுகள் இருட்டில் திறந்திருக்கின்றன, வெளிச்சத்தில் மூடுகின்றன. திறந்த கதவு வழியே சோடியம் கொட்டிக்கொண்டே இருக்க, அதை வெளியே இறைத்துத் தள்ளும் பம்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 2008-இல் ஒகாவா, சம்பத், லாஃப்லின், ஃபெயின் நால்வரும் எலியின் குச்சி செல்லில் கணக்கிட்டபோது, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறுகள் இருட்டில் நொடிக்குச் சுமார் பத்துக் கோடி செலவாவது தெரிந்தது. நல்ல வெளிச்சத்தில் அது நாலில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. ஒரு பச்சை ஃபோட்டானின் ஆற்றல் ஏறத்தாழ ஐந்து ஏ.டி.பி.க்குச் சமம். ஆகவே, எப்போதோ வரப்போகும் ஒற்றை ஃபோட்டானுக்காக அந்தச் செல் ஒவ்வொரு நொடியும் இரண்டு கோடி ஃபோட்டான்களுக்கு ஈடான ஆற்றலை எரித்துக்கொண்டு காத்திருக்கிறது. கடையில் வியாபாரம் இல்லாத நேரத்தில்தான் கரண்ட் பில் ஏறுகிறது.

நிமிர்ந்த ரெட்டினாலை மறுபடி வளைத்து எடுக்க நிறமி அடுக்கு இருக்கிறது. ஆனாலும் வழியில் கொஞ்சம் கழியும், வெளியிலிருந்து வைட்டமின் ஏ வந்துகொண்டே இருக்க வேண்டும். வராவிட்டால் முதலில் தெரிவது மாலைக்கண். விளக்கு வைக்கும் நேரத்தில் குழந்தை தடவித் தடவி நடக்கும். அதோடு நிற்காமல் கண்ணின் வெண்பகுதி வறண்டு நுரைபோல் திட்டு விழும், கடைசியில் கருவிழியே கரைந்து பார்வை போய்விடும். 1918-இல் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் ஓர் அறையில் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வு 1958-இல் ஹைதராபாத் தார்நாகாவுக்கு இடம் பெயர்ந்து, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் அப்போது அதன் இயக்குநர். வைட்டமின் ஏ ஈரலில் சேமிப்பாகத் தங்கும் என்பதால் தினமும் கொடுக்கத் தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம் அலகு கொடுத்தால் தாங்கும் என்பது அங்கு நடந்த ஆய்வுகளின் முடிவு. ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு அதை வாயில் ஊற்றும் தேசியத் திட்டம் 1970-இல் தொடங்கியது. அங்கன்வாடியில் கரண்டியில் ஊற்றிய அந்த மஞ்சள் திரவம் போய்ச் சேர்ந்த இடம் இந்தத் தட்டுகள்தான்.

பிடிபடாத ஒளி

ஹெக்டின் கணக்கில் ஒரு வரி பாக்கி. விழித்திரையை எட்டியும் நிறமியில் சிக்காத ஐந்தில் நான்கு பங்கு. அது அங்கேயே சிதறித் திரிந்தால் காட்சி கலங்கும். பின்சுவர் நிறமிச் செல்களின் மெலனின் அதில் பெரும்பகுதியை விழுங்கி வெப்பமாக்குகிறது, அந்த வெப்பத்தைப் பின்னாலிருக்கும் ரத்த ஓட்டம் கொண்டுபோகிறது. சாதாரண வெளிச்சத்தில் இது ஒரு பொருட்டே இல்லை.

லேசர் என்றால் கதை வேறு. 400 முதல் 1400 நானோமீட்டர் வரையுள்ள ஒளிக்குக் கருவிழியும் லென்ஸும் வழிவிடுகின்றன. வழிவிடுவதோடு, வாசலில் இருந்ததைவிட ஒரு லட்சம் மடங்கு செறிவாக ஒரே புள்ளியில் குவித்தும் தருகின்றன. 700-க்கு மேற்பட்ட பகுதி கண்ணுக்குத் தெரியாது, ஆகவே இமை மூடும் அனிச்சையும் வராது. மெலனின் தன் வழக்கப்படி விழுங்குகிறது, ரத்த ஓட்டம் வெப்பத்தை அள்ளிச் செல்லுமுன் செல்கள் வெந்துவிடுகின்றன. கருவிழி மேற்பரப்பு இரண்டு நாளில் ஆறும், லென்ஸை மாற்றிவைக்கலாம், வெந்த குச்சி செல்லும் கூம்பு செல்லும் திரும்பி வருவதில்லை. வெளிச்சத்துக்கு வழிவிடப் பழகிய செல்களுக்கு, எதற்கு விடக் கூடாது என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. அந்த வேலையை வெல்டர் முகத்துக்கு நேரே பிடிக்கும் கறுப்புக் கண்ணாடியும், உலைக்காரர் அணியும் நீலக் கண்ணாடியும், லேசர் ஆய்வகக் கதவில் தொங்கும் பாதுகாப்புக் கண்ணாடியும்தான் செய்ய வேண்டும்.

காஞ்சன்பாக்கில் மாலை ஷிஃப்ட் முடிந்து சைக்கிளும் ஸ்கூட்டரும் வாசலைவிட்டு வெளியேறுகின்றன. பட்டறையில் கடைசி கேட்டுக்குப் பற்றவைத்து முடித்து முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறார்கள். வீட்டுக்குப் போய் விளக்கணைத்து, கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுப்போம் என்று படுக்கிறோம். இமைக்குப் பின்னால் குச்சி செல்களின் கதவுகள் அப்போதுதான் அகலத் திறக்கின்றன. பம்புகள் முழு வேகத்தில் ஓடத் தொடங்குகின்றன. அவற்றுக்கு அது இரவு ஷிஃப்ட்.